இயல்பைவிடக் கூடுதலான பனி

பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரையிலும், கிழக்கே அம்பூரி மலை வரையிலும், மேற்கே காஞ்சிரங்குளம் தாண்டிக் கடல் வரையிலும் வாழும் பொதுமக்களின் மேலான கவனத்திற்கு. இவ்வாண்டின் குளிர்காலம் புறப்பட்டுவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் நம் பகுதியை வந்தடையும். இயல்பைவிடக் கடுமையான குளிராக இருக்கும் என்பதால் முதியோர், குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள் கம்பளி ஆடைகளுடன் தயார் நிலையில் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இந்த அறிவிப்பு வெளியானது கார்த்திகையில். வெளியிட்டவர் பொன்னையன். வெளியான இடம், அவரே தொடங்கி அவரே நடத்தும் 'எல்லை வானிலை மையம்' என்ற வாட்ஸ்அப் குழு.

பொன்னையன், கேரளத்தின் தென் எல்லையில் வாழும் தமிழர், ஒரு பஸ் டிப்போவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுவதும் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தென்படாத பஸ்ஸை 'இன்னும் சற்று நேரத்தில்' என்று அறிவித்துப் பழகிய குரல். ஓய்வு பெற்ற பிறகும் குரல் அப்படியே இருந்தது, பஸ்தான் இல்லை. வீட்டில் சோறு கேட்பதைக்கூட அவர் பயணிகளின் கவனத்திற்குக் கொண்டுவரத் தொடங்கியபோது மனைவி பிரேமகுமாரி, "வேற எங்கயாவது போய் விளிச்சுச் சொல்லுங்க. எனக்குக் காது ஒண்ணுதான் மிச்சம் உண்டு" என்றாள். அவர் வானத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கேயும் வருவதும் வராததும் யார் கையிலும் இல்லை. அறிவிப்பவர் மட்டும் தேவைப்படுகிறார்.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கினார். மழை அளக்க ஒரு பிளாஸ்டிக் குழாய் வாங்கினார். 'இயல்பு' என்ற சொல்லையும் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் வாயில் வெயில் என்று ஒன்று கிடையாது, இயல்பைவிடக் கூடுதலான வெயில். தூறல் கிடையாது, இயல்பைவிடப் பலமடங்கு மழை. தை மாதத்தில் இங்கே மழையின் இயல்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதால், ஒரு மேகம் தும்மினாலே பலமடங்காகிவிடும். அந்த வசதியை அவர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்.

இயல்பு என்றால் பல வருடக் கணக்கின் சராசரி. பொன்னையனிடம் அவ்வளவு வருடக் கணக்கு இல்லை. அவர் தன் சிறுவயது ஞாபகத்தை இயல்பாக வைத்துக்கொண்டார்.

"எனக்குப் பத்து வயசுல மார்கழின்னா பல்லு கிடுகிடுன்னு அடிக்கும். அதாக்கும் நார்மல்."

"அப்பம் உங்களுக்குச் சட்டை கிடையாது" என்றாள் பிரேமகுமாரி. "சட்டை இல்லேண்ணா சித்திரையிலயும் அடிக்கும்."

இந்த விஞ்ஞானத்தின் பலத்தில்தான் கடுங்குளிர் அறிவிக்கப்பட்டது. கார்த்திகை முழுக்க மழை பெய்தது. மார்கழியில் புழுங்கியது. ஃபேன் ஐந்தாம் நம்பரில் ஓடி, அதற்குமேல் நம்பர் இல்லாததால் அங்கேயே நின்றது. இரவெல்லாம் ஃபேனுக்கு நேர் கீழே படுத்ததில் பொன்னையனுக்கு மூக்கடைத்துக்கொண்டது. அந்த வீட்டில் குளிர்காலத்தின் ஒரே அடையாளம் அதுதான். அதுவும் உஷ்ணத்தால் வந்தது.

குழுவில் கேலி தொடங்கியது. தொடங்கியவன் பிரேமகுமாரியின் தம்பி ஷாஜி. அம்பூரியில் ரப்பர் வைத்திருக்கிறான். மலைப்பக்கம் என்பதால் அவனுக்கு எப்படியும் கொஞ்சம் குளிர் கிடைக்கும். விடிந்ததும் வெள்ளைப் படலம் மூடிய தோட்டத்தைப் படமெடுத்துப் போடுவான். கீழே ஒரு வரி: "அத்தான், உங்க குளிரு எந்த டிப்போவுல கிடக்கு?"

இன்னொரு நாள்: "பிரேக் டவுன் ஆக்கும். வழியில நிக்குது."

பொன்னையன் பதில் எழுத மாட்டார். தெர்மாமீட்டரைக் கழற்றி வேறிடத்தில் மாட்டுவார். மொட்டைமாடியில் தொடங்கிய அது, முருங்கை நிழலுக்கு வந்து, குளியலறைச் சுவருக்கு வந்து, கடைசியில் எப்போதும் ஈரமாக இருக்கும் கிணற்றுத் தொட்டியின் உள்பக்கத்தில் வந்து நின்றது. குளிர் அவரைத் தேடி வராததால் அவர் குளிரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தவள் மகள் நீது. நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் வேலை. ரத்தம் எடுப்பவள், ஆகையால் பொறுமை உண்டு. ஆனால் அவள் பொறுமையின் அளவை அப்பா பல வருடங்களாகச் சோதித்து வந்தார். முதலில் வந்த சம்பந்தக்காரரிடம், அவர்கள் வீடு இருக்கும் இடம் பத்து வருடத்துக்குள் வெள்ளத்தில் முங்கும் என்று அறிவித்தார். அவர்கள் காப்பியைக் குடிக்காமல் எழுந்தார்கள். அடுத்து வந்த திருப்புறம் ஊர்க்காரர், பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டார். வயதைச் சொல்வதற்கு முன் பொன்னையன், நீது பிறந்த வருடத்து மழையின் அளவைச் சொன்னார். அதைச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. வயதும் அதற்குள் தெரிந்துவிட்டது.

இப்போது அனூஜ். நெய்யாற்றின்கரையில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். நீதுவுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் பிடித்திருந்தது. அப்பா இல்லாத வீடு. அம்மா லேகா கொட்டாரக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், தமிழ் ஓர் எழுத்து தெரியாது. அம்மாவின் அண்ணன் கிருஷ்ணன்குட்டிதான் அந்த வீட்டின் முடிவுகளை எடுப்பவர். அவர் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கை கொடுப்பதற்கு முன் எதிராளியின் நகத்தைப் பார்ப்பார்.

தை பிறந்து முதல் ஞாயிறு நிச்சயதார்த்தம். பதினொன்றுக்குள் மோதிரம் மாற்ற வேண்டும். நீது அப்பாவிடம் ஒரே ஒரு வாக்கு வாங்கியிருந்தாள்.

"அவிய வந்த பொறவு நீங்க வானத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசப்பிடாது."

"வந்த பொறவு பேச மாட்டேன்."

அவர் வாக்கைக் காப்பாற்றினார். வருவதற்கு முன்பே பேசினார்.

அன்று விடியற்காலையில் பல் தேய்க்கப் பின்வாசலைத் திறந்தவர் பிரஷ்ஷோடு அப்படியே நின்றார். பக்கத்து ரப்பர் விளையில் மரங்களைக் காணவில்லை. கிணற்றைக் காணவில்லை. வெள்ளையாக ஒரு படலம் தரையோடு தவழ்ந்து, மதிலைத் தாண்டி, அவர் காலடிக்கு வந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் கைவிட்டுத் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார். இயல்பிலிருந்து இரண்டு டிகிரி இறங்கியிருந்தது. உடம்பு சிலிர்த்தது. வெறும் உடம்பு, ஈரக்கை, கிணற்றங்கரை. சிலிர்க்காமல் என்ன செய்யும். ஆனால் அவர் அதை வேறு கணக்கில் எழுதிக்கொண்டார்.

பிரேமகுமாரி அடுக்களையில் விறகடுப்பில் பாயசத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். நீது முகத்தில் எதையோ பூசிக்கொண்டு பேசக்கூடாத நிலையில் இருந்தாள். தடுக்க ஆளில்லை. பொன்னையன் ஃபோனை வாயருகே கொண்டுபோனார்.

"பொதுமக்களின் மேலான கவனத்திற்கு. இன்று அதிகாலை முதல் நம் வீட்டிலும் சுற்றுப்புறத்திலும் இயல்பைவிடக் கூடுதல் பனி. முதியோரும் குழந்தைகளும் இப்பகுதிக்கு வருவதைத் தவிர்ப்பது நல்லது."

மூக்கடைப்பினால் குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல இருந்தது. அம்பூரி ஷாஜிக்குத்தான் அது குறிவைக்கப்பட்டது. ஆனால் குழுவில் அம்பூரி மட்டும் இல்லை. சம்பந்தம் உறுதியான அன்றே, பெருமை தாங்காமல், மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரையும் அதில் சேர்த்திருந்தார். 'அவியளுக்குத் தமிழ் தெரியாதுப்பா' என்று நீது சொன்னபோது, 'வானிலைக்கு மொழி கிடையாது' என்று பதில் சொன்னவர் அவர்.

வானிலைக்கு மொழி உண்டு. தமிழில் பனி என்றால் புல்லின் மேல் இருப்பது. மலையாளத்தில் பனி என்றால் உடம்பில் இருப்பது, மாத்திரை போட்டால் இறங்குவது. புல்லின் மேல் இருப்பதற்கு அவர்கள் மஞ்ஞு என்பார்கள். எல்லையில் பிறந்தவர்களுக்கு இது ஒரு சிக்கலே இல்லை. ஆள் பார்த்து, வாய் பார்த்து, மூளை தானாகவே மாற்றிக்கொள்ளும். கொட்டாரக்கரையில் பிறந்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

சற்று நேரத்தில் ஃபோன் அடித்தது. கிருஷ்ணன்குட்டி. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். இரண்டிலும் அதிகாரம் ஒன்றுதான்.

"மெசேஜ் கேட்டு. பனி கூடுதலாணோ?"

பொன்னையனுக்கு உள்ளம் குளிர்ந்தது. இந்த வருடம் முதல்முறையாக ஒருவர் மரியாதையாகக் கேட்கிறார். "கூடுதல்தான். இயல்பைவிட."

"எப்பம் தொடங்கி?"

"இண்ணு வெளுப்பான்காலம், விடியுமுன்ன."

"விறயல் உண்டோ?"

"நடுக்கமா? நல்லா உண்டு. எனக்கு இப்பளும் கை நிக்கல்ல."

"டெம்பரேச்சர்?"

"நார்மலில இருந்து ரெண்டு டிகிரி வித்தியாசம். நானே எடுத்துப் பாத்தேன்."

"வீட்டில எல்லார்க்கும் உண்டோ?"

"எங்க வீட்டுக்கு மட்டுமா? இந்தப் பக்கம் முழுசும் உண்டு. அம்பூரியில இதைவிடக் கூடுதல். அங்க ஷாஜி மாசக்கணக்கா அனுபவிக்கான்."

"ஈஸ்வரா. மருந்நு வல்லதும்?"

"மருந்து எதுக்கு? சுக்குக்காப்பி போதும். வெயில் வந்தா தானா விட்டுரும்."

"அப்போ ஞங்கள் வந்நால்..."

"வாருங்க, வாருங்க. முதல்ல கொஞ்சம் கஷ்டமா இருக்கும். பொறவு உங்களுக்கும் பழகீரும்."

இவ்வளவு மகிழ்ச்சியாகப் பனியைப் பற்றிப் பேசும் நோயாளியைக் கிருஷ்ணன்குட்டி தன் உத்தியோக காலத்தில் பார்த்ததில்லை. தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவு செய்தார். பொன்னையன் ஃபோனை வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்தார்.

"மாப்பிள்ளைக்க மாமன் விவரமுள்ள ஆளு. எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு."

"என்னத்தைக் கேட்டாரு?"

"பொதுவா. நம்ம சுகத்தை."

பத்து மணிக்கு வரவேண்டிய கார்கள் வரவில்லை. வாசலில் பந்தல், பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், நாற்காலிகளில் சொந்தக்காரர்கள். தை மாதக் குளிரை இன்னும் நம்பியிருந்த ஒருவரும் அங்கே இல்லை. எல்லார் கையிலும் விசிறிக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய்க் கம்பெனி விளம்பரம் போட்ட அட்டை. படலம் எப்போதோ விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. நீதுவின் முகத்தில் பூசியது வழியத் தொடங்கியது. அனூஜுக்கு அழைத்தால் எடுக்கவில்லை.

முதலில் வந்தது ரெஜிலா. அந்த வார்டில் வீடு வீடாகப் போய் உடல்நலம் விசாரிக்கும் ஆஷா பணியாளர். தோளில் பை, மூக்கில் மாஸ்க்.

"வா ரெஜிலா, இரி. கல்யாணவீட்டுக்கு மாஸ்க் எதுக்காக்கும்?" என்றாள் பிரேமகுமாரி.

"நான் விருந்துக்கு வரல்ல சேச்சி. ஹெல்த் சென்டர்ல இருந்து விட்டினும். இந்த வீட்டுல எல்லாருக்கும் பனியாம். ஏதோ பெரிய ஆள் விளிச்சுச் சொல்லியிருக்காரு. சாரே, டெம்பரேச்சர் எவ்வளவு?"

பொன்னையன் மகிழ்ந்து போனார். அரசாங்கமே ஆள் அனுப்பிக் கேட்கிறது. "இருபது" என்றார். "காலையில பாத்தது."

ரெஜிலா பையைத் திறந்தாள். "இருபதுன்னா சாரை நான் பாக்க வேண்டாம். சவப்பெட்டி செய்யுதவன் பாத்தா போதும். கையைத் தூக்குங்க." ஒரு சின்ன தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தாள். அது கூவியது. "நார்மல்" என்றாள்.

தன்னைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பொன்னையன் கேட்டதில்லை.

நீதுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பாவின் ஃபோனைப் பிடுங்கி அந்தப் பதிவைக் கேட்டாள். ஒருமுறை தமிழில் கேட்டாள். இன்னொருமுறை மலையாளத்தில் கேட்டாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டுப்புடவை கசங்குமே என்று பிரேமகுமாரி சொல்ல வந்து, முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள்.

"எல்லாரும் உதியன்குளங்கரையில ஒரு சாயாக்கடைக்க முன்ன வண்டியை நிறுத்திப் போட்டு நிக்கினும்" என்றாள் ரெஜிலா. "வரவா திரும்பவான்னு தெரியாம. நான் அந்த வழியாத்தான் வந்தேன்."

நீது மீண்டும் அழைத்தாள். இம்முறை அனூஜ் எடுத்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீதூ, எனிக்கு மனசிலாயி. மஞ்ஞாணு பறஞ்ஞதெந்நு. ஞான் மாமனோடு நூறு வட்டம் பறஞ்ஞு."

"பின்னே?"

"மாமன் சம்மதிக்குந்நில்ல."

ஃபோன் கைமாறியது. கிருஷ்ணன்குட்டி பேசினார். பனிக்கும் மஞ்ஞுக்கும் வித்தியாசம் தனக்குத் தெரியாதா என்று கேட்டார். இந்த மாவட்டத்தில் எத்தனை பனியைப் பார்த்திருக்கிறேன் என்றார். எலிப்பனி, டெங்கிப்பனி, வைரல்பனி என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லி விளித்தார். விறயல் உண்டென்று பெண்ணின் அப்பாவே சொன்னார், வித்தியாசம் இரண்டு டிகிரி என்று அவரே சொன்னார். இனி அது மஞ்ஞு என்றால் தான் ஃபோனில் விசாரித்தது மஞ்ஞுக்கு விறயல் உண்டா என்றா? அப்படி ஆகிவிட்டால் ஓய்வு பெற்ற ஹெல்த் இன்ஸ்பெக்டரின் கதி என்ன? இதைச் சொல்லவில்லை. ஆனால் குரலில் இருந்தது.

ரெஜிலா பரிசோதித்தாயிற்று, நார்மல் என்று நீது சொன்னாள். அவள் உங்கள் ஊர்க்காரி என்றார். இரண்டாவது வண்டியில் குழந்தைகள் உண்டு, ஒருவரும் இறங்க மாட்டேன் என்கிறார்கள். ஒரே வழிதான் உண்டு. "அச்சன் பறயட்டே. பறஞ்ஞ அதே குரூப்பில், அச்சன்றெ வாய் கொண்டு."

"இதா பெரிய காரியம்" என்றார் பொன்னையன். தொண்டையைச் செருமினார். "பொதுமக்களின் மேலான கவனத்திற்கு. எங்கள் இல்லத்தில் எவருக்கும் காய்ச்சல் இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

எல்லாரும் ஃபோனையே பார்த்தார்கள். பதில் லேகாவிடமிருந்து வந்தது. குரலில் அழுகை பாதி, கோபம் பாதி.

"காச்சில் இல்லெங்கில் வேண்ட. ஞங்கள் காச்சில் தின்னானல்லல்லோ வருந்நது. பனியுண்டோ இல்லியோ, அது பற."

பந்தலில் யாரோ சிரித்துவிட்டு, பிரேமகுமாரி திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினார். கொட்டாரக்கரையில் காச்சில் என்றால் ஒரு கிழங்கு. மார்கழித் திருவாதிரைக்கு அவித்துத் தின்பார்கள். பெண் வீட்டில் ஒருவருக்கும் கிழங்கு கிடையாது என்று சம்பந்தி மகிழ்ச்சியுடன் தெரிவித்ததாகத்தான் அந்த அம்மாளுக்குக் கேட்டிருக்கிறது.

"அப்பா" என்றாள் நீது. "ரெண்டு வார்த்தை. பனி இல்லை. இவ்வளவுதான். சொல்லுங்க."

பொன்னையன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார்.

"அது மட்டும் முடியாது, மக்கா."

"ஏன்?"

"பனி இருந்துது. நான் என் கண்ணால பாத்தேன்."

"இப்பம் இல்லல்லா? இப்பம் இல்லேண்ணு சொல்லுங்க."

"இப்பம் இல்லேண்ணு சொன்னா, காலையில மட்டும் எங்க இருந்து வந்துதுன்னு ஷாஜி கேப்பான். ரெண்டு மாசமா நான் இந்த ஒரு நாளுக்காக்கும் காத்திருக்கேன். எல்லாரும் கேக்க அறிவிச்ச பொறவு இல்லேண்ணு சொல்லணுமா? ஒரு மையத்துக்கு நம்பகத்தன்மைன்னு ஒண்ணு உண்டு."

"எனக்கு ஒரு வாழ்க்கைன்னு ஒண்ணு உண்டு" என்றாள் நீது. குரலை உயர்த்தவில்லை. "முதல்ல வந்தவியளை நீங்க வெள்ளத்துல முக்கினீங்க. ரெண்டாவது வந்தவியளை மழையில நனைச்சீங்க. நான் ஒண்ணும் சொல்லல்ல. இது மூணாவது. வராத ஒரு குளிருக்காக இதையும் விடணுமா?"

"வந்துது மக்கா. இண்ணைக்கு வந்துது."

"செரி வந்துது. அதுக்கு நான் என்ன செய்யணும்? அதைக் கட்டிக்கணுமா?"

மணி பதினொன்றை நெருங்கியது. பாயசத்தின் மேல் ஆடை கட்டி, ஆடையின் மேல் ஓர் ஈ உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது. பப்படம் நமத்துப் போனது. சொந்தக்காரர்கள் யாரும் எழுந்து போகவில்லை, இவ்வளவு நல்ல இடம் வேறெங்கும் கிடைக்காது.

பிரேமகுமாரி கைத்துவாலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து புருஷனுக்கு எதிரே நின்றாள்.

"நீங்க அவ்வளவு காலம் மைக்குல விளிச்சுச் சொன்னியள். பஸ் வராதுன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கியளா?"

"இல்ல" என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அந்தச் சனங்க எவ்வளவு நேரம் நிண்ணிருக்கும். வராதுன்னு சொல்லியிருந்தா நடந்தாவது போயிருக்கும். இண்ணைக்கு ஒரு தடவை சொல்லுங்க. வராதுன்னு."

பொன்னையன் மகளைப் பார்த்தார். மை கரைந்து கன்னத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது. வியர்வையா வேறெதுவுமா என்று அளக்க அவரிடம் கருவி இல்லை. ஃபோனை எடுத்தார். வைத்தார். மறுபடியும் எடுத்தார். கண் கலங்கியது. உண்மையின் கழுத்தையும் விஞ்ஞானத்தின் கழுத்தையும் சேர்த்து அறுக்கப் போகும் ஒரு மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று அவர் நினைத்தாரோ, அப்படி முகத்தை வைத்துக்கொண்டார்.

"பொதுமக்களின் கவனத்திற்கு." மேலான என்பது வரவில்லை. "பனி இல்லை. யாருக்கும் இல்லை. இப்போதும் இல்லை. காலையிலும் இருந்ததில்லை."

கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அவராகச் சேர்த்தார். தியாகம் என்று இறங்கிய பிறகு அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவருக்கில்லை.

முதலில் பதில் போட்டவன் ஷாஜி. அவன் பந்தலில்தான் இருந்தான், பின்வரிசை நாற்காலியில். "அத்தான், சர்வீஸ் ரத்தா?" என்று எழுதி, சிரிக்கும் முகங்களை வரிசையாக நிறுத்தியிருந்தான். நீது திரும்பிப் பார்த்தாள். "மாமா, ஃபோனை உள்ள வையுங்க" என்றாள். வைத்துவிட்டான்.

கார்கள் வந்தபோது முகூர்த்தம் போய்விட்டிருந்தது. அடுத்த நல்ல நேரத்துக்காக எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், நடுவே தேவைக்கு அதிகமான இடைவெளி. லேகா கொஞ்ச நேரம் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார். பிரேமகுமாரி உள்ளே போய், யார் வீட்டிலிருந்தோ வாங்கிவந்த காச்சில் கிழங்கை அவித்து, ஒரு தட்டில் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். லேகா தட்டைப் பார்த்தார், பிரேமகுமாரியைப் பார்த்தார். கைக்குட்டை இறங்கியது.

"நன்னாயிட்டு வெந்நிட்டுண்டு" என்றார்.

மோதிரம் மாற்றினார்கள். அனூஜின் விரல் வெயிலில் வீங்கியிருந்ததால் மோதிரம் பாதியில் நின்றது. நீது கொஞ்சம் அழுத்தியே தள்ளினாள். அதில் அனூஜுக்கு உரிய கோபமும் இருந்திருக்கலாம். பிறகு தன் ஃபோனை எடுத்து 'எல்லை வானிலை மைய'த்திலிருந்து விலகினாள். அனூஜும் விலகினான். அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

சாப்பாட்டுக்குக் கை கழுவும் இடத்தில் பொன்னையனும் கிருஷ்ணன்குட்டியும் தனியாகச் சந்தித்தார்கள். இருவரும் ஓய்வு பெற்றவர்கள், இருவரிடமும் இன்னும் கொஞ்சம் அதிகாரம் மிச்சமிருந்தது, எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

"உங்ககிட்ட மட்டும் ஒரு காரியம் சொல்லுதேன்" என்றார் பொன்னையன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "காலையில பனி இருந்துது. கெட்டியா, மரம் தெரியாத அளவுக்கு. என் மகளுக்காக நான் இண்ணு ஒரு பொய்யான அறிக்கை விட்டேன். என் வாழ்க்கையில முதல் தடவை."

கிருஷ்ணன்குட்டி அவர் நகத்தைப் பார்க்காமலே கையைப் பிடித்துக்கொண்டார். "எனிக்கறியாம், எல்லாம் தெரியும்" என்றார். பிடித்த கையை விடவில்லை. தான் விசாரித்தது மஞ்ஞைத்தான் என்று இனி யாரும் சொல்லப் போவதில்லை என்பதால் ஏற்பட்ட நிம்மதியாகவும் அது இருக்கலாம்.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து விளைக்காரர் ராஜையா எட்டிப் பார்த்தார். கையில் கருகிய கம்பு.

"அண்ணா, வண்டியெல்லாம் நிறுத்த எடம் போதுமா? நேத்து சேச்சி சொன்னதுனால விடியுமுன்னமே ரப்பர்ச் சருகெல்லாம் கூட்டித் தீ வச்சேன். ஈரச்சருகு பாத்துக்கிடுங்க, ஒரே புகை. கிணத்துப்பக்கமா உங்க வீட்டுக்குள்ளதான் வந்துது. புகை மணத்துலயாக்கும் நீங்க எழும்பினியளோன்னு நினைச்சேன்."

கிருஷ்ணன்குட்டி பொன்னையனைப் பார்த்தார். பொன்னையன் கையைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய கைதான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் வெளியிட்ட வானிலை அறிக்கைகளில் சரியாக இருந்தது, பொய் என்று நினைத்து அன்று வெளியிட்ட அந்த ஒன்று மட்டும்தான்.